சித்திரை வெயிலும் வார்ப்பிரும்பு சிலிண்டரும்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா எட்டு நாள் நடக்கும். முல்லைப் பெரியாற்றில் முங்கி எழுந்து அக்னிச்சட்டி ஏந்தி வருகிறவர்கள், ஆயிரம் கண் பானை எடுத்து வருகிறவர்கள், கூடவே நடக்கும் சொந்தபந்தங்கள் என்று ஊர் நிரம்பி வழியும்போது, தேனி–கம்பம் சாலைப் பக்கம் வண்டிகள் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். காருக்கும் பஸ்ஸுக்கும் இதில் நேரம்தான் நட்டம்; உள்ளே தண்ணீர் ஓடுகிறது, விசிறி சுழல்கிறது. காற்றை மட்டும் நம்பிய மோட்டார் சைக்கிளின் பாடு வேறு. வண்டி நின்றால் அதன் மேல் படும் காற்றும் நின்றுவிடும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டி இதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். சிலிண்டரின் உள்துளையான போரைப் பெரிதாக்கி, சைலன்சரை மாற்றி, ‘பிக்கப்’ ஏற்றிய வண்டி தாங்காது. ஐட்லிங் தடுமாறும், நியூட்ரல் விழ மறுக்கும், முழங்கால் பக்கம் அனல் அடிக்கும்.

இத்தகைய எஞ்சின்களைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. தென்மேற்கு முனையில் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலை. மேற்கே போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளோடு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிப் போடிமெட்டுக்குப் போகும் இன்னொரு சாலை. இரண்டிலும் எஞ்சின் முழு பாரத்தில் இழுக்கும். வண்டியோ மெதுவாகத்தான் நகரும். சூடு அதிகம், காற்று குறைவு. சமவெளியிலும் தப்பிக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியே புகுந்து பள்ளத்தாக்கின் நீளவாக்கில் தேனியை நோக்கி அடிக்கும். ஆடி மாதத்தில் கம்பத்திலிருந்து 40 கி.மீ. வேகத்தில் வருகிறவரின் முதுகில் அதே வேகத்தில் காற்றடித்தால், சிலிண்டரைப் பொறுத்தவரை வண்டி நின்றுகொண்டிருக்கிறது. திரும்பிப் போகும்போது எதிர்க்காற்று. எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். ஆனாலும் குளிர்ந்துகொண்டே உழைக்கும்.

தமிழ்நாட்டுச் சாலைகளின் நிரந்தரக் குடிமகனாகிவிட்ட புல்லட்டுக்கு இந்த வெயிலும் காற்றும் பிறவியில் தெரியாதவை. அது வரையப்பட்டது பர்மிங்காமுக்குத் தெற்கே, ரெட்டிச் என்ற மழையூரில். 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் அதன் சோதனை வண்டிகள் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கின. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. இறக்குமதி செய்துகொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் 1955-ல் கைகோத்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956 முடிவதற்குள் அங்கிருந்து வெளிவந்த புல்லட்கள் 163. பிறகு ரெட்டிச்சில் கதவை மூடினார்கள். திருவொற்றியூரில் அதே வண்டியைப் பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

குளிர் நாட்டு எஞ்சின் இந்த ஊர் வெயிலில் எப்படிப் பிழைத்தது? அதன் மந்தம்தான் அதைக் காப்பாற்றியது என்று தாராளமாகச் சொல்லலாம். 346 சி.சி.யிலிருந்து அது எடுத்தது சுமார் 18 குதிரைத்திறன். எண்பதுகளில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் எடுத்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் புல்லட் அதில் பாதிகூட இல்லை. இரும்பு அதிகம், எரிவது குறைவு, சுற்றுவதும் நிதானம். மைலேஜையும் வேகத்தையும் பார்த்துக் குறை சொல்லப்பட்ட அதே குணம்தான் சூட்டுக்கு எதிராக அதன் கையிருப்பு. அதன் மேல் செய்யப்பட்ட ஒவ்வொரு ‘முன்னேற்றமும்’ அந்தக் கையிருப்பிலிருந்துதான் எடுத்துச் செலவழித்தது.

கணக்கு சிக்கலானதல்ல. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதியில் ஒரு பகுதி சைலன்சர் வழியே போகிறது. இன்னொரு பகுதி சிலிண்டரிலும் ஹெட்டிலும் இருக்கும் தகடு தகடான விளிம்புகள் வழியே காற்றில் கலக்க வேண்டும். சக்கரத்துக்குப் போகும் சக்தியின் அளவுக்கே கிட்டத்தட்ட சூடும் அந்த விளிம்புகள் வழியே வெளியேறியாக வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். கூடுதலாக ஒவ்வொரு குதிரைத்திறன் பிழியும்போதும், முழுச் சூட்டில் இருக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சிலிண்டரோடு சேர்த்துக் கட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். போரைப் பெரிதாக்கும் பட்டறை விளிம்புகளைப் பெரிதாக்குவதில்லை. அவை வார்க்கப்பட்ட அன்றே அளவு முடிந்துபோனவை.

வேகம் கூட்டும் கலைக்குத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரை பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவது, காற்று போகும் துவாரங்களை ராவி மெருகேற்றுவது, சைலன்சரைக் கழற்றி எறிவது எல்லாம் அங்கே கண்கூடாகப் பார்த்துக் கற்கும் வித்தைகள். அங்கே பார்த்ததைச் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உதிரி பாகம் வாங்கித் தன் ஊர் வண்டியில் செய்துபார்க்க ஆசைப்பட்டவர்கள் உண்டு.

வித்தை ஊருக்கு வந்தது. சூழ்நிலை கூட வரவில்லை. பந்தய எஞ்சின் சில சுற்றுகள் ஓடும், ஓடும் நேரமெல்லாம் எதிரே பலமான காற்று இருக்கும், ஓட்டம் முடிந்ததும் பிரித்துப் பார்ப்பார்கள். சந்தை நாளில் சின்னமனூர் கடைவீதியைக் கடக்கிற வண்டிக்கு இந்த மூன்றும் கிடையாது. போதாததற்கு அந்நாளில் பங்க்கில் கிடைத்தது 87 ஆக்டேன் பெட்ரோல். கம்ப்ரஷனை ஏற்றிய எஞ்சினில் அது ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேர்வதற்குக் காத்திருக்காமல் தானே வெடிக்கும். மலையேற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கேட்கும் ‘டக டக’ சத்தம், அதாவது நாக்கிங், அதன் அடையாளம். அந்த வெடிப்பு ஹெட்டையும் பிஸ்டனையும் இன்னும் சூடாக்கும்; சூடேறினால் நாக்கிங் இன்னும் கூடும். ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் இந்தச் சுழலின் முடிவில் பிஸ்டன் நெற்றியில் ஓட்டை விழுவதும் உண்டு.

சோழவரம் ஓய்ந்துகொண்டிருந்த நேரத்தில் டூ-ஸ்ட்ரோக் ஜுரம் பிடித்தது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் ஆர்டி 350-ஐ ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின், மைலேஜுக்காக இங்கே முதலில் 30.5 ஆகவும் பிறகு 27 ஆகவும் அடக்கப்பட்டது. அப்படியும் மைலேஜ் பேச்சே அதைக் கொன்றது. கம்பெனி அடக்கியதை அவிழ்த்துவிடுவதே பல பட்டறைகளின் முதல் வேலையாக இருந்தது. எக்ஸாஸ்ட் துவாரத்தின் மேல் விளிம்பை ராவினால் எஞ்சின் மேல் சுற்றில் சீறும். சீறுகிற அளவுக்கு, அந்தத் துவாரத்தை ஒட்டி உரசும் பிஸ்டன் பக்கமும் கொதிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்கிற ஒரு சுற்று ஓய்வு அதற்குக் கிடையாது.

1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100 இந்தப் பைத்தியத்தைச் சிற்றூர் வரை கொண்டு சேர்த்தது. நூறு கிலோவை ஒட்டிய எடை, 50க்கு 50 மி.மீ. எஞ்சின். அதன் சத்தத்துக்கே ரசிகர் கூட்டம் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1996-ல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது உற்பத்தி நின்றது. நின்ற பிறகுதான் அதன் மவுசு ஏறியது. நல்ல ஆர்எக்ஸ் இன்று கைக்குக் கிடைத்தால் அதை வாங்குபவர் முதலில் நினைப்பது அதை அப்படியே வைத்துக்கொள்வதை அல்ல, என்ன மாற்றலாம் என்பதைத்தான்.

டூ-ஸ்ட்ரோக்குக்கு மலையேற்றத்தைவிட மோசமானது மலையிறக்கம். யெஸ்டி, ராஜ்தூத் 175 போன்ற வண்டிகளில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் போனால்தான் ஆயிலும் போகும். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே வண்டியை இழுத்துப் பிடித்து வந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் ஆயிலோ சொட்டுச் சொட்டாகிவிடும். ஏற்றத்தில் வாங்கிய சூடும் இன்னும் இறங்கியிருக்காது. பாதி மலையில் பின்சக்கரம் ‘கிரீச்’ என்று பூட்டிக்கொண்டால், பிஸ்டன் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அனுபவஸ்தர்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கி எஞ்சினுக்கு ஒரு மிடறு ஆயில் கொடுப்பார்கள். ஒரு விரலைக் கிளட்சிலேயே வைத்திருப்பார்கள். புகை வருகிறதே என்று ஆயில் அளவைக் குறைத்தவர்களுக்கு இந்தச் சாலை நல்ல பாடம் நடத்தியிருக்கும்.

புல்லட்காரர்களின் மோகம் வேறு திசையில் போனது. குட்டையான, உள்ளே தடுப்பு அதிகமில்லாத கோல்டு ஸ்டார் சைலன்சர். பெயர் பிஎஸ்ஏ கம்பெனியின் பழைய வண்டியிலிருந்து வந்தது. 1937-ல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் தளத்தில் அந்தக் கம்பெனியின் வண்டியில் வால் ஹாண்ட்லி மணிக்கு நூறு மைலைத் தாண்டிச் சுற்றி வாங்கிய தங்க நட்சத்திரச் சின்னம்தான் மூலம். சைலன்சர் மட்டும் மாறினால் சத்தம்தான் மாறும் என்று நினைப்பவர்கள் அதிகம். புகை சுலபமாக வெளியேறினால் காற்று கூடுதலாக உள்ளே வரும். கார்புரேட்டரின் ஜெட்டோ பழைய அளவுக்கே பெட்ரோல் கொடுக்கும். ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். கூடுதலாகப் போகும் பெட்ரோல் கொஞ்சம் வீணானாலும், ஆவியாகும்போது உள்ளிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. மைலேஜ் வேண்டும் என்று கலவையைக் குறைத்து, வேகம் வேண்டும் என்று சைலன்சரையும் மாற்றுகிறவர் இரண்டு பக்கமிருந்தும் தீயை ஏற்றுகிறார்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. நல்ல ஓட்டத்துக்குப் பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் வெள்ளைப் பீங்கான் மூக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்து, சின்னச் சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் உள்ளே அளவுக்கு மீறிய சூடு. மலைப்பகுதியில் இந்த வாசிப்பும் ஏமாற்றும். மூணாறு உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். அங்கே பிளக் கறுத்திருக்கிறதே என்று சின்ன ஜெட் போட்டுக்கொண்டு தேனிக்கு இறங்கினால், கீழே அடர்ந்த காற்றில் அதே ஜெட் பிளக்கை வெளுக்கவைத்துவிடும்.

சூடு எதை முதலில் பிடிக்கும் என்பதற்குப் போர் அடிக்கும் லேத் பட்டறையில் விடை இருக்கிறது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அடுத்த அளவு பிஸ்டன் போட்டு, உள்சுவரை ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கொடுப்பார்கள். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். முக்கியமான முடிவு, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது என்பது. 70 மி.மீ. அலுமினியப் பிஸ்டன், ஒவ்வொரு நூறு டிகிரி சூடு ஏறும்போதும் சுமார் 0.15 மி.மீ. விரியும். வார்ப்பிரும்புச் சிலிண்டர் அதில் பாதிதான் விரியும். பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகச் சூட்டில் வேறு இருக்கிறது. இடம் குறைந்தால் பிடிக்கும். கூடினால் குளிர்ந்த நிலையில் பிஸ்டன் சுவரில் மோதிச் சலசலக்கும். சலசலப்பு வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. அதனால் இறுக்கமாகப் போர் அடித்துக் கொடுக்கும் சபலம் பட்டறைக்கு எப்போதும் உண்டு. செம்பியத்தில் 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற ஆலைகள் பிஸ்டனை மேலே குறுகலாகவும் லேசான முட்டை வடிவிலும் கடைவது இந்த விரிவை முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான். போர் அடித்த வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மலைப் பக்கம் கொண்டுபோகாதே என்று மெக்கானிக்குகள் சொல்வதும் அதே கணக்கில்தான்.

உலகம் இந்தச் சிக்கலை ஆகாயத்திலும் சந்தித்தது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பேராசிரியர் கிப்சனும் சாம் ஹெரானும் விமான எஞ்சின்களுக்காகக் காற்றுக் குளிர்ச்சியை முறையாக ஆராய்ந்தார்கள். இரும்பைவிட அலுமினிய ஹெட் சூட்டைச் சீக்கிரம் கடத்தும் என்பதும், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றித்தான் கவனம் வேண்டும் என்பதும் அந்த ஆய்வுகளில் தெளிவாயின. பின்னாளில் ஹெரான், தண்டுக்குள் சோடியம் நிரப்பிய வால்வையும் உருவாக்கினார். 1985-ல் சுசுகி தன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 வண்டியில் ஆயிலையே குளிரூட்டியாக்கியது. சூடான இடங்களில் ஆயிலைப் பீய்ச்சி அடித்து, முன்னால் கூலரில் ஆறவைத்தது.

திருவொற்றியூர் இதையெல்லாம் அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டறைகள் செய்ததையே கம்பெனியும் ஒரு கட்டத்தில் செய்தது: எண்பதுகளின் முடிவில் புல்லட் 500. ஸ்ட்ரோக் அதே 90 மி.மீ.; போர் 70-லிருந்து 84. கொள்ளளவு 44 சதவீதம் கூடியது. சிலிண்டர் அப்போதும் வார்ப்பிரும்புதான். சுவிட்சர்லாந்தில் ஃபிரிட்ஸ் எக்லி போரை 87 மி.மீ. ஆக்கி 535 சி.சி. வரை கொண்டுபோனார், அந்த அளவில் லைட்னிங் என்ற வண்டியும் தொண்ணூறுகளில் இங்கே வந்தது. பெரிய பிஸ்டனோடு ஓட்டுபவர்கள் அதிகம் ஆயில் தள்ளும் பம்ப்பைத் தேடி வாங்கியது தற்செயலல்ல. பழைய புல்லட்டின் ஆயில் பம்ப் 18 குதிரைத்திறனுக்கு அளந்து வைத்தது.

1994-ல் ஐஷர் கைக்குக் கம்பெனி வந்தது. பிறகுதான் உலோகம் மாறியது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய முழு அலுமினிய எஞ்சின் 2000-ஐ ஒட்டி வந்தது. வார்ப்பிரும்பைவிடச் சூட்டை மூன்று மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும் உலோகம் கடைசியில் சிலிண்டருக்கும் கிடைத்தது. புல்லட் பிரியர்கள் சந்தோஷப்பட்டார்களா என்றால் இல்லை. ‘டப் டப்’ போய்விட்டது, இரும்பு எஞ்சினின் கம்பீரம் இல்லை என்று புலம்பல். பழைய வார்ப்பிரும்பு வண்டிகளின் விலை ஏறியது. 2008-ல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாக வந்தன. 2013-ல் கான்டினென்டல் ஜிடி, அதே பழைய 87க்கு 90 அளவில், 535 சி.சி.யோடு வந்தது, எக்லியின் எண் கம்பெனியின் பட்டியலில் திரும்பவும் ஏறியது. 2016-ல் ஹிமாலயனில் ஆயில் கூலர். 2018-ல் 650 இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும் அதுவே. 2023-ல்தான் புது ஹிமாலயனில் முதன்முதலாகத் தண்ணீர் ஓடியது. புல்லட் 350 மட்டும் இன்னும் காற்றையும் ஆயிலையும் நம்பியே விற்பனையில் இருக்கிறது, இருபது குதிரைத்திறனை ஒட்டிய அதே பழைய அடக்கத்தோடு.

பழைய இரும்பு எஞ்சின்களுக்கும் இப்போது வெளியில் ஆயில் கூலர் பொருத்துகிறார்கள். அது ஆயிலைக் குளிர்விக்கும்; ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியிருக்கும் சூட்டைப் பெரிதாகத் தொடாது. இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடைமுறையில் மாட்டுவது சைலன்சர்தான், ஏனென்றால் அது தூரத்திலிருந்தே காதில் விழுகிறது. பதிவுச் சான்றில் 346 என்று இருக்கும் வண்டியின் சிலிண்டரைச் சாலையில் நிறுத்தி யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அதை லோயர் கேம்ப் ஏற்றத்தில் வண்டிக்காரர் தானாகவே கழற்றுவார்.